கத்தரிக்காய்க்கு முந்தைய பெயர்

நம் வீடுகளில் ஒரு பெண் காதலிக்கிறேன் என்று வாய் திறந்தால் அடுத்த நொடியே ஒரு காய்கறி நடுவில் வந்து நிற்கும். “காதலாவது கத்தரிக்காயாவது!” இதை அப்பா சொல்லலாம், அண்ணன் சொல்லலாம், பல வீடுகளில் அம்மாவே முந்திக்கொள்வார். மகன் சொன்னாலும் இதே பதில் வரும் என்றாலும், அவனுக்கு அது வசவோடு முடிந்துவிடும். மகளுக்கோ அதன்பின் கைப்பேசி பறிபோகும், கல்லூரி நிற்கும், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். ஒரு பெண்ணின் விருப்பத்தைப் பேச்சுக்கே எடுக்கத் தகாத ஒன்றாக ஆக்கிவிட நம் மொழிக்கு ஒரு கத்தரிக்காய் போதுமானதாக இருக்கிறது.

ஏன் கத்தரிக்காய்? புடலங்காயும் அவரைக்காயும் ஏன் இல்லை? யாப்பு படித்தவர்களுக்கு விடை எளிது. ககரமும் காகாரமும் மோனையில் இனம். காதலுக்குப் பக்கத்தில் கத்தரி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கல்யாணமாவது கத்தரிக்காயாவது, கவிதையாவது கத்தரிக்காயாவது என்று நீட்டிக்கொண்டே போகலாம் (இரண்டாவதை நான் நிறையவே கேட்டிருக்கிறேன்). தெருவில் மலிவாகக் கிடைப்பது, எல்லார் வீட்டு உலையிலும் வேகுவது, ககரத்தில் தொடங்குவது: இளக்காரத்துக்கு இவ்வளவு பொருத்தம் வேறு காய்க்கு வாய்க்கவில்லை.

ஆனால் இந்தக் காயைத் தமிழ் எப்போதும் கத்தரிக்காய் என்று மட்டுமே அழைத்ததில்லை. வழுதுணை, வழுதலை என்ற பெயர்கள் இருந்தன. “காதலாவது வழுதுணங்காயாவது” என்று சொல்லிப் பாருங்கள். மோனை போய்விட்டது, வசவின் வேகமும் போய்விட்டது.

இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஓர் இடம் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கில் காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் என்ற நூலை, பெயரளவிலாவது, தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்து உடல்நோயைத் தீர்ப்பதுபோல ஒவ்வொரு பாட்டிலும் சொல்லப்படும் ஐந்து கருத்துகள் மனநோயைத் தீர்க்கும் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று நாம் மேலே போய்விடுவோம். அந்த ஐந்து வேர்கள் எவை? சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி, கண்டங்கத்தரி, சிறுவழுதுணை. கத்தரி, வழுதுணை என்று பெயர் தாங்கிய இரண்டு செடிகளின் வேரும் ஒரே மருந்தில் இருக்கின்றன. உடம்பெல்லாம் முள்ளாக வேலியோரம் படர்ந்து கிடக்கும் கண்டங்கத்தரியை இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம். அதன் பெயரில் இருக்கும் கத்தரிதான் இன்று சந்தையையும் அடுக்களையையும் ஆள்கிறது. வழுதுணை பின்வாங்கிவிட்டது.

எங்கே பின்வாங்கியது என்று முதலில் எனக்குச் சொன்னவள் ஒரு மாணவி. தனிப்பாடல் நடத்திக்கொண்டிருந்தேன். வழுதுணங்காய் என்ற சொல் வந்தது. பாடநூலின் அடிக்குறிப்பில் அதற்கு நேரே ‘கத்தரிக்காய்’ என்று போட்டிருந்தது. வழக்கொழிந்த சொல் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு குமரி மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண்ணைப் பார்த்துப் போனது. விடுதிச் சமையலறையில் அவள் கத்தரிக்காயை “வழுதலங்காய்” என்று சொல்லப்போய், சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அதுதான் அவளுக்குப் பட்டப்பெயராம்.

“எங்க அம்மை இப்பவும் அப்பிடித்தான் சொல்லுவா, மேம். நான்தான் இங்க வந்த பெறவு மாத்திக்கிட்டேன்” என்றாள் அவள், குற்றத்தை ஒப்புக்கொள்பவளைப் போல.

பாடநூல் அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்ட சொல் நாஞ்சில் நாட்டு அடுக்களைகளில் உயிரோடு இருக்கிறது. மலை தாண்டினால் மலையாளத்தில் அது வழுதனங்ங. அங்கே யாரும் அதற்காக யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே போனது. பட்டப்பெயர் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு வயது என்ன என்று சிரித்தவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. திருமந்திரத்தில்கூட அது இருக்கிறது. வழுதலையை விதைத்த இடத்தில் பாகல் வந்து நின்றதாகத் திருமூலர் போடும் புதிருக்கு உரைகாரர்கள் யோகம் என்றும் வைராக்கியம் என்றும் பொருள் விரிப்பார்கள். விதைத்ததும் முளைத்ததும் காய்கறித் தோட்டத்தில்தான் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்று நடத்திக்கொண்டிருந்த தனிப்பாடல் ஔவையார் பெயரில் வழங்குவது. சங்க காலத்து ஔவை வேறு, நீதிநூல்களின் ஔவை வேறு, தனிப்பாடல் ஔவை வேறு என்று பல ஔவையர் உண்டென்பது ஆய்வாளர் முடிவு. ஊர் ஊராக நடந்து, கிடைத்த இடத்தில் உண்டு, உண்ட இடத்தில் பாடும் கிழவி இந்தத் தனிப்பாடல் ஔவை. புல்வேளூரில் பூதன் என்பவன் அவருக்கு வரகரிசிச் சோறு போடுகிறான்; தொட்டுக்கொள்ள வதக்கிய வழுதுணங்காய்; கூடவே நன்றாகப் புளித்த மோர். அன்போடு போட்ட அந்தச் சோறு உலகம் முழுவதற்கும் ஈடு என்று பாடுகிறார் ஔவை. அரசர்களைப் பாடிய புலவர்கள் யானையும் பொன்னும் பெற்றார்கள். ஒரு பெண்புலவர் பெயரில் நிற்கும் இந்தப் பாட்டு ஏழையின் அடுப்பில் வெந்த ஒரு காய்க்கு உலகத்தையே விலையாக வைக்கிறது. வழுதுணங்காய் என்ற சொல் இன்றுவரை மாணவர் கண்ணில் படுவதற்கு இந்தப் பாட்டே பெரிய காரணம்.

ஒவ்வொரு முறை நடத்தும்போதும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பூதனின் பெயர் இருக்கிறது. அவன் ஊரின் பெயர் இருக்கிறது. அந்தக் காயை வதக்கியது யார்? பூதனே வதக்கியிருக்கலாம், அப்படியானால் மகிழ்ச்சி. ஆனால் மோர் அவ்வளவு புளித்திருப்பதைப் பார்த்தால் முதல் நாளே உறை ஊற்றி, கடைந்து, எடுத்து வைத்த கை ஒன்று அந்த வீட்டில் இருந்திருக்கிறது. பாட்டில் அந்தக் கைக்கு இடமில்லை.

சோறு போட மறுத்த பெண்ணுக்கோ அதே தனிப்பாடல் தொகுதியில் தாராளமாக இடம் இருக்கிறது. ஔவையை விருந்துக்கு அழைத்துவந்த ஒருவன் மனைவியின் முகத்தைத் தடவி, தலையில் பேன் பார்த்து, மெல்ல விஷயத்தைச் சொல்கிறான். அவள் பழைய முறத்தை எடுத்து அவனை ஓட ஓட அடிக்கிறாள். சொன்னதும் வகுப்பே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். வீட்டில் அரிசி இருந்ததா, அன்று அவள் எத்தனை பேருக்கு ஏற்கெனவே பொங்கிப் போட்டிருந்தாள் என்று பாட்டு கேட்பதில்லை. போட்டவள் காணாமல் போகிறாள், போடாதவள் கேலிக்கதையாக நிலைக்கிறாள். பாடியவரும் ஒரு பெண் என்பதால் இதை விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வழுதுணைக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. அது கடல் கடந்தது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி தமிழின் வழுதுணையை மலையாள, கன்னடச் சொற்களோடு ஒரே குடும்பமாக வைக்கிறது. கன்னடத்தில் அது பதனெ. வடமொழியில் இந்தக் காய்க்கு இருக்கும் பல பெயர்களில் ஒன்று வாதிங்கண; அது திராவிட மொழியிலிருந்து போன சொல்லாக இருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அந்தச் சொல்தான் பாரசீகத்தில் பாதின்கான் ஆனது. அரபியர் பாதின்ஜான் என்றார்கள். அரபியரோடு அது ஸ்பெயினுக்குப் போனது. முன்னால் இருந்த அல் என்ற அரபு ஒட்டும் சேர்ந்து கட்டலான் மொழியில் அல்பெர்ஜீனியா என்றாகி, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய் ஒபெர்ஜீன் ஆயிற்று. ஒட்டு இல்லாமல் போனது ஸ்பானியத்தில் பெரென்ஹேனா, போர்த்துக்கீசியத்தில் பெரின்ஜேலா. 1498இல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டையில் கரையிறங்கினார்கள். வழுதுணங்காய் விளையும் கரைக்கே அந்தப் பெரின்ஜேலா கப்பலேறி வந்தது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது பிரிஞ்சால்.

ஆக, பள்ளியில் நாம் ஆங்கிலச் சொல் என்று எழுத்துக்கூட்டிப் படித்த பிரிஞ்சாலை இங்கிலாந்துக் கடையில் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஒபெர்ஜீன், அமெரிக்காவில் எக்பிளான்ட். பிரிஞ்சால் புழங்குவது இந்தியா, இலங்கை, மலேசியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில்தான். மேற்கிந்தியத் தீவுகளில் அது ‘பிரௌன் ஜாலி’ என்றுகூடத் திரிந்ததை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சாவூர் நீதிபதி வீட்டுச் சமையற்கட்டில் அந்தக் காய்க்கு என்ன பெயர் புழங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

போன இடமெல்லாம் இந்தச் செடிக்கு மரியாதை கிடைத்துவிடவில்லை. இத்தாலியர் தங்கள் மெலன்சானாவை ‘மேலா இன்சானா’ என்று பிரித்துப் பைத்தியக்கார ஆப்பிள் என்று பொருள் கொண்டார்கள். தின்றால் புத்தி பேதலிக்கும் என்ற பயம். 1597இல் ஜெரார்ட் எழுதிய ஆங்கில மூலிகை நூலிலும் அது பைத்திய ஆப்பிள்தான். லின்னேயஸ் 1753இல் இதற்குச் சொலானம் மெலொங்கெனா என்று பெயரிட்டார். பின்னர் 1767இல் சொலானம் இன்சானம் என்று இன்னொரு செடிக்கும் பெயர் வைத்தார். இன்சானம் என்றால் பித்துப் பிடித்தது. நம் ஊர்களில் தானாக முளைத்துக் கிடக்கும் அந்தக் காட்டுச்செடியைத்தான் இன்று கத்தரியின் மூதாதை என்று தாவரவியலாளர் கொள்கிறார்கள். தாய்ச்செடிக்கு நிலைத்த பெயர் அது. வங்காளத்திலும் பேகுன் என்பதைப் பே-குன் என்று பிரித்து, குணமற்றது என்று வேடிக்கை பேசுவார்கள். வாயில்லாத செடி, யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு காய்க்கிறது.

இந்த நெடும்பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிறுத்தம் பாக்தாத். 825இல் கலீபா அல்-மாமூனுக்கும் பூரான் என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. அந்தத் திருமணத்தின் ஆடம்பரத்தைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்கள் வாய் ஓயாமல் எழுதியிருக்கிறார்கள். கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிச் செய்யும் ஓர் உணவுக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே பூரானிய்யா என்று பெயர் வந்தது. அதன் வழித்தோன்றல்கள் ஈரானில் பொரானி என்றும் ஸ்பெயினின் தெற்கில் அல்பொரோனியா என்றும் இன்றும் தட்டில் இருக்கின்றன. சில இடங்களில் உள்ளே கத்தரிக்காயே இல்லாமல் போய்விட்டது. கீரையோ தயிரோ மிஞ்சியிருக்கிறது. பெயர் மட்டும் விழவில்லை. பூரான் அரசி, மந்திரியின் மகள். அவள் கையால் எதையாவது வதக்கியிருப்பாளா என்பதே சந்தேகம். அவளுக்குப் பெயர் கிடைத்ததும் புல்வேளூர் அடுப்படிக்குக் கிடைக்காததும் ஒரே காரணத்தால்தான். பெண் என்பதோடு எந்த வீட்டுப் பெண் என்பதும் சேர்ந்துதான் பெயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மறுபடி நம் பேச்சுவழக்குக்கு வருகிறேன். காதலாவது கத்தரிக்காயாவது என்பதைவிடக் கொடியது ஒரு பழமொழி. “கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்.” எந்த ரகசியத்துக்கும் இதைச் சொல்லலாம் என்பார்கள். நடைமுறையில் இது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? எங்கள் உறவில் ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் ஒருவரை விரும்பினாள். மாதக்கணக்கில் ஒரு கூட்டுக்குடும்பமே அவள் வயிற்றைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தது. இந்தப் பழமொழி வாசலில், கிணற்றடியில், அவள் காதில் விழும்படி உலவிக்கொண்டிருந்தது. ஒருவரும் அவளிடம் நேராக எதையும் கேட்கவில்லை. சொன்னவர்கள் எல்லோரும் பெண்கள். அவள் கர்ப்பமாக இல்லை. படிப்பை விட்டுவிட்டு, அவசரமாகப் பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் பழமொழியை நான் நெடுநாள் மனத்தில் போட்டு உருட்டியிருக்கிறேன். அதில் விவசாயமே தவறு. முற்றிய கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வருவதில்லை. வந்தாலும் வாங்க ஆளில்லை. தோல் தடித்து, உள்ளே விதை கட்டி, சமைத்தால் கசக்கும். சந்தைக்கு வருவது இளங்காய். முற்ற விடுவது விதைக்கு. நல்ல செடியாகப் பார்த்து, நல்ல காயாகப் பார்த்து, யாரும் பறித்துவிடாதபடி துணியோ நாரோ கட்டி அடையாளம் வைப்பார்கள். காய் மஞ்சளாகப் பழுத்ததும் பறித்து, பிளந்து, தண்ணீரில் அலசி, விதையைப் பிரித்துச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைப்பார்கள். சிறு தோட்டம் வைத்திருந்த வீடுகளில் இது பெரும்பாலும் பெண்கள் பார்த்த வேலை. முற்றியதைக் காப்பாற்றத் தெரிந்த ஒருத்தி இந்தப் பழமொழியைக் கட்டியிருக்க மாட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெண்கள் தமக்குள் இந்தக் காயைப் பற்றிப் பேசும் மொழி வேறு. பிஞ்சு, காய், முற்றல், சொத்தை என்று அவர்கள் பிரிப்பதில் ஒரு மருத்துவமே இருக்கிறது. கத்தரிக்காய் கரப்பான் என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளுக்குத் தராத வீடு உண்டு. பிஞ்சாக இருந்தால் பத்தியத்துக்கு ஆகும் என்று குழம்பில் போடும் வீடு அடுத்த தெருவிலேயே உண்டு. வரதட்சணைப் பேரம் முற்றும்போது கூடத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெரியம்மா “கல்யாணம்னா என்ன, கத்தரிக்காய் வியாபாரமா?” என்று கேட்பதையும் கேட்டிருக்கிறேன். அதே காய்தான், அங்கே அது பெண்ணின் பக்கம் நின்று பேசுகிறது.

பிறகு அந்த நிறம். ஊதா என்பது உருதுவிலிருந்து வந்த சொல். புடவைக் கடையில் ஊதாவை எடுத்துப் போட்டால், “இது இல்லப்பா, கத்தரிப்பூக் கலர்ல காட்டு” என்று திருத்தும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காயின் அடர்ந்த கருநீலம் வேறு, பூவின் வெளிறிய செந்நீலம் வேறு. விடியலில் செடியருகே நின்று பறித்தவர்களுக்குத்தான் பூவின் நிறம் தனியாகக் கண்ணில் படும். தோட்டத்தையே பார்த்திராத நகரத்துப் பெண்ணும் இன்று அந்த நிறத்தை அந்தப் பெயரிலேயே கேட்கிறாள்.

காய்களுக்கும் அவற்றைக் கையாண்டவர்கள் வைத்த பெயர்கள் இருந்தன: வெள்ளைக் கத்தரி, வரிக் கத்தரி, முள்ளுக் கத்தரி. பார்த்ததும் தொட்டதும் அப்படியே பெயரானவை. ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து வந்த ரகங்கள் கோ 2, பி.எல்.ஆர். 1, பி.கே.எம். 1 என்று ஊர்களின் தலையெழுத்தைச் சுமந்துவந்தன. கோயம்புத்தூர், பாலூர், பெரியகுளம். அதன்பின் வந்தது பிடி கத்தரி. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்ட, நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. பொது விசாரணைகளுக்குப் பிறகு 2010 பிப்ரவரி 9 அன்று ஜெயராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். விதை யார் கையில் இருக்கும் என்பது அன்றைய முக்கியமான கேள்விகளில் ஒன்று. சாம்பலில் புரட்டிய விதைக்கு உரிமைப் பத்திரம் எதுவும் கிடையாது.

முள்ளுக் கத்தரிக்கு மட்டும் இப்போது ஒரு பத்திரம் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் இலவம்பாடியில் விளைவது அது. காம்பில் முள் இருக்கும். பறிக்கும் பெண்களின் விரல்களுக்கு அது நன்றாகத் தெரியும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் அதை இலவம்பாடிக் கத்தரி என்றோ முள்ளுக் கத்தரி என்றோதான் கூவி விற்கிறார்கள். அரசுப் பதிவேட்டில் உள்ள பெயர் ‘வேலூர் ஸ்பைனி பிரிஞ்சால்’.